பகலில் ஜூன், மாலையில் அக்டோபர்

ஹைதராபாத்தின் ஜீடிமெட்லாவில் எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு ரசாயன டிரம் தீப்பிடித்ததில் எங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனால் அந்தப் புகையைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் முதலாளிக்கு நிம்மதி போயிற்று. அவர் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு சைனிக்புரியில். மருந்துத் தொழிற்சாலைகளில் எந்தக் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. கம்ப்யூட்டரில் வரைகிறவர்களில் நானும் ஒருத்தி. டிராயிங்குகள்தான் நம் சொத்து, அவை எரிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேஜர் கூட்டம் போட்டுச் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி, ரசாயன வாடையே அடிக்காத ஓரிடத்தில் தினமும் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அந்த இடம் குகட்பள்ளியில் எங்கள் வீட்டு ஹால் என்று முடிவானதற்குக் காரணங்கள் இருந்தன. சைனிக்புரியில் மேஜரின் தெருவுக்கு இன்னும் பிராட்பேண்ட் வரவில்லை, எங்களுக்கு வந்துவிட்டது. இரண்டாவது மாடி. பகல் முழுவதும் அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருப்பார்கள். ஒரு நாள் கம்பெனி வேனில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதை அணைக்கக் கூடாது, யாரும் தொடவும் கூடாது என்று மேஜரே போனில் அப்பாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா "எஸ் சார்" என்றார். அம்மா அதன் தலையில் ஒரு பழைய தலையணை உறையை மாட்டிவிட்டாள்.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் சர்வேயராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரே மகளோடு இருக்கலாம் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹைதராபாத் வந்துவிட்டார். தொடாதே என்று யாராவது சொன்னால் அதை முதலில் தொடுகிற ரகம். இது எனக்குத் தெரியும். மேஜருக்குத்தான் தெரியாது.

ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் செகந்திராபாத்துக்காரன். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவனுடைய தமிழில் பாதி தெலுங்கு, கால்வாசி உருது, மிச்சத்தை பைபிளிலிருந்து எடுத்துக்கொள்வான். ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. இந்த மூன்றை வைத்தே ஒரு முழு நாளை ஓட்டிவிடுவான். அவனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று அந்த வருஷம் மே மாதம் வீட்டில் சொன்னேன்.

அம்மா அழவில்லை, கத்தவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். வேறு கோயில் என்பது அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அவள் வந்து நின்ற இடம் வேறு.

"அவங்கள்ல ஜாதகம் எழுத மாட்டாங்கல்லா?" என்றாள்.

"எழுத மாட்டாங்க."

"பொறவு எதப் பாத்துட்டி பொருத்தம் சொல்ல? பாத்துப் பொருந்தலன்னா, சரி, அவ்வளவுதான்னு விடலாம். பாக்கதுக்கே ஒண்ணுமில்லன்னா நான் என்னத்தச் செய்ய?"

எங்கள் குடும்பத்தில் ஜாதகம் பார்க்காமல் யாருக்கும் தாலி ஏறியதில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பரில் ஒரு பக்கம் திருப்பினார். வாழ்நாள் பூராவும் அடுத்தவன் வயலுக்கு எல்லை சொன்ன மனுஷனுக்கு மகளுக்காக ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே என்று எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம். அம்மா சம்மதிக்காமல் நான் போகப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்தச் சம்மதத்துக்கு வழியே இல்லை என்பதும் தெரிந்தது. அன்று முதல் அப்பாவுக்குச் சாயங்காலக் காப்பி கொடுப்பதை நிறுத்தினேன். அம்மா கொடுத்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு டிராயிங் போய்ச் சேரும் ஏற்பாட்டை அவன்தான் செய்திருந்தான். ஆபீஸில் ஒரு சின்னப் புரோகிராம் காலையில் கிளம்பி, ஒவ்வொரு ஃபைலாகப் பார்க்கும். ஆபீஸில் இருப்பதைக் கடைசியாகத் திருத்திய தேதி வீட்டில் இருக்கும் பிரதியின் தேதியை விடப் புதிதாக இருந்தால் அனுப்பும். இல்லையென்றால் தொடாது. வீட்டுக்கு வந்து இறங்கும் பிரதியின்மேல் அது வந்த தேதியை வீட்டுக் கம்ப்யூட்டர் குத்திக்கொள்ளும், தபால் ஆபீஸ் முத்திரை மாதிரி. ஜூன் மாதம் முழுவதும் ஒழுங்காக நடந்தது. மாறியது மட்டும் போயிற்று; மாறாதது பேசாமல் கிடந்தது.

ஜூலையில் அதற்குப் பேய் பிடித்தது. நேற்று போனதே இன்றும் போயிற்று. யாரும் திறக்கக்கூட இல்லாத டிராயிங்குகள், காலை ஆனால் வரிசையாகக் கிளம்பின. ஆபீஸ் லைன் மத்தியானம் வரை அடைத்துக்கொண்டது. மேஜர் முதலில் சந்தோஷப்பட்டார். மோடத்தில் பச்சை விளக்கு ஓயாமல் துடிப்பதைப் பார்த்து, இந்த ஆபீஸில் ஒழுங்காக வேலை செய்வது இது ஒன்றுதான் என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். அவருடைய மெயில்கள் போகாமல் நின்ற பிறகுதான் விளக்கின் மேல் சந்தேகம் வந்தது.

எங்கள் இருவருக்கும் அந்தக் கோளாறு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை மேஜரிடம் சொல்ல முடியுமா? மே மாதத்துக்குப் பிறகு வீட்டில் அவன் பேச்சு கிடையாது. அவன் போன் வந்தால் அம்மாவின் கையில் உள்ள கரண்டி நின்றுவிடும். இப்போதோ தினமும் சாயங்காலம் அவன் கூப்பிடுவான், நான் ஹாலிலேயே, அம்மாவின் முன்னாலேயே, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பேசுவேன். ஆபீஸ் வேலை. யார் என்ன சொல்ல முடியும்?

"இன்னிக்கும் எல்லாம் திரும்ப வந்திருக்கா?" என்பான்.

"எல்லாமே வந்திருக்கு. ஒண்ணு விடாம."

"நேத்து போனதேதான?"

"அதேதான். எதுவும் மாறல."

"மாறாது. நாளைக்கும் அனுப்புவேன்."

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, இந்தக் காலத்தில் என்ன பிழைப்பு, ஒரே சாமானைத் தினமும் அனுப்பித் தினமும் வாங்கிக்கொண்டு என்பாள். நான் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன்.

அதற்காக நாங்கள் தேடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேடினோம், அவசரப்படாமல். முதலில் வைரஸ் பிடிக்கிற புரோகிராம்தான் ஒவ்வொரு ஃபைலையும் தொட்டுப் பார்த்துக் கெடுக்கிறது என்றான். அதை நிறுத்தினோம், ஒன்றும் ஆகவில்லை. பிறகு பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் என்றான். ஒரு வாரம் அதில் போயிற்று. பிறகு டிஸ்க் பழைய வகை, அது நொடிகளை இரண்டிரண்டாகத்தான் எண்ணும், அந்த இரண்டு நொடி வித்தியாசத்தில் பழைய ஃபைலையே புது ஃபைல் என்று நினைத்துவிடுகிறது என்று கண்டுபிடித்தான். இதை போனில் கேட்டு நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னபோது, அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார்.

"ரெண்டு செகண்டு மாறுனா ஆளே வேறன்னு நெனச்சிருமா?" என்றார்.

"நெனச்சிரும்" என்றேன். மே மாதத்துக்குப் பிறகு அவரோடு நான் பேசிய நீளமான பேச்சு அது.

டிஸ்கைப் புது வகைக்கு மாற்றினோம். மறுநாளும் எல்லாம் திரும்ப வந்தது. அவனுக்கு வருத்தம், எனக்கு அவ்வளவாக இல்லை.

பகல் வேளையில் வீட்டுக் கம்ப்யூட்டரில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அவன் என் அப்பாவைப் போனில் கூப்பிடுவான். எனக்கு வேலை கழுத்து வரை இருக்கும். அவன் மேஜையிலிருந்து அவன் பக்கத்துப் பேச்சு மட்டும் என் காதில் விழும்.

"அங்கிள், அந்த ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணுங்க. ஹவ். சைஸ் எவ்ளோ? ஓகே. இல்ல அங்கிள், செகந்திராபாத்லதான் பொறந்தேன். ஹவ், சர்ச் பக்கத்துல ஹாஸ்பிடல். இப்ப நெக்ஸ்ட் ஃபைல் பாருங்க. சண்டே அங்கிள். தெரியல அங்கிள், மம்மி ஒரு தடவ மத்தியானம்பாங்க, ஒரு தடவ சாயங்காலம்பாங்க. சைஸ் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "உங்கப்பா செம ஃப்ரெண்ட்லி. நான் பொறந்த கதையெல்லாம் கேக்கிறாரு" என்றான். பொழுது போகாத மனுஷன், போனில் ஆள் கிடைத்தால் ஊர்க்கதை கேட்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கைக்காக வாய் திறக்காதவர் எவன் எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தான் என்று விசாரிக்கிறாரே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அக்டோபரில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. மேஜரின் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்தது. அதே வாரம் ஒரு பெரிய டிராயிங், லைன் அடைத்துக்கொண்டதால் நேரத்துக்குப் போகாமல் வாடிக்கையாளர் முன்னால் மேஜர் தலைகுனிய வேண்டியதாயிற்று. சனிக்கிழமைக்குள் கோளாறு தெரியாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் சைனிக்புரிக்குப் போய்விடும், அவரே நேரடியாகக் கவனித்துக்கொள்வார் என்றார். சாயங்காலப் போன் போய்விடும். அதற்குப் பிறகு அவன் என் வீட்டில் குரலாகக்கூட இருக்க மாட்டான்.

அப்போதுதான் இருவரும் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தோம். அதுவரை பெயரையும் சைஸையும் மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தவன், அன்று வீட்டில் இருக்கும் பிரதிகளின் தேதிப் பட்டியலைத் திறந்தான். நான் போன வியாழக்கிழமை முடித்த டிராயிங் வீட்டுக்கு ஜூன் மாதம் வந்து சேர்ந்ததாகக் காட்டியது.

"நீ வரையறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்திருக்கு" என்றான்.

மற்றதையும் பார்த்தோம். ஜூனுக்கு முன் வரைந்தவை எல்லாம் அசையாமல் கிடந்தன. அதற்குப் பின் வரைந்தவைதான் தினமும் அலைந்தன. வந்து இறங்கும்போதெல்லாம் ஜூன் என்று முத்திரை விழுந்தால், மறுநாள் காலையில் ஆபீஸ் ஃபைல் எப்போதும் புதிதாகத்தானே தெரியும்? புரோகிராமின் மேல் பிழையே இல்லை. அதற்குச் சொன்னதைத்தான் அது செய்தது.

ஆனால் நான் தினமும் சாயங்காலம் அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள். தேதியைப் பார்த்திருக்கிறேன், சரியாகத்தான் இருந்தது.

"உள்ள கடிகாரத்துக்குன்னு இருக்கிற பேட்டரி செத்திருக்குமோ?" என்றேன்.

"நக்கோ. பேட்டரி செத்தா மணியும் போயிடும். மணி கரெக்டா இருக்கு. பகல்ல மட்டும் டேட் ஜூன். சாயங்காலம் நீ வரும்போது அக்டோபர். இது பேட்டரி இல்ல, யாரோ கை வெக்கிறாங்க." பட்டியலை மறுபடி மேலிருந்து ஓட்டினான். "ஆனா கைக்கு?"

எங்கள் வீட்டில் பகலில் இருப்பது இரண்டே பேர். அவர்களில் ஒருவர் கம்ப்யூட்டர் பக்கம் போவது தலையணை உறையை மாற்றத்தான்.

மேஜரிடம் கம்ப்யூட்டரை எடுத்து வரப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, இருவரும் ஆட்டோவில் கிளம்பினோம். அவன் எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. லிஃப்ட் இல்லாத படியில் ஏறும்போது சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். ரிப்பேருக்கு வருகிறவனுக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று கேட்டேன். சிரிக்கவில்லை, பாவம்.

கதவைத் திறந்தது அம்மா. அவனைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. "வாங்க" என்றாள், அவ்வளவுதான். ஹாலில் அப்பா மூக்குக் கண்ணாடியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் பன்னிரண்டு கட்டம். கட்டத்துக்குள் கிரகங்கள். எங்களைப் பார்த்ததும் மவுஸை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். எதையும் மூட முடியவில்லை.

"அங்கிள், ஒரு நிமிஷம்" என்று அவன் குனிந்து, மூலையில் மணி காட்டுகிற இடத்தில் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினான். தேதி தெரிந்தது. ஜூன். நான்கு மாதமாகத் தேடியது கண்ணில் பட்டதும் அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. நான் தடுப்பதற்குள் தேதியை அக்டோபருக்கு மாற்றிவிட்டான். அப்பா பதற்றத்தில் அடுத்த கட்டத்தைத் திறக்க எதையோ அமுக்கினார். ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. கட்டங்கள் மறைந்தன.

"என்னது, மறைஞ்சிட்டு?" என்றாள் அம்மா.

அவனுக்குப் பொய் சொல்ல வராது. "ஆன்ட்டி, இது ஃப்ரீயா குடுக்கிற சாஃப்ட்வேர். முப்பது நாள்தான் ஓடும். அங்கிள் தெனம் டேட்டை பின்னாடி வெச்சு ஓட்டிட்டு இருந்திருக்காங்க. அதான் எங்க ஃபைலெல்லாம் திரும்பத் திரும்ப வந்திருக்கு."

அப்பா செகந்திராபாத் ஸ்டேஷனில் தமிழ் வாரப் பத்திரிகை வாங்கியபோது அதோடு இலவசமாக வந்த ஜோசிய சிடி அது. சாயங்காலம் நான் வருவதற்கு முன் தேதியைச் சரியாக்கி, சிடியை அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிடுவாராம்.

"தெனமும் காப்பி காப்பின்னு வாங்கிக் குடிச்சிட்டு இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள் அம்மா. "மகளுக்கு ஆபீஸ் வேலைன்னுல்லா சொன்னீங்க. யாருக்குப் பாக்கீங்க?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "தம்பிக்குத்தான்."

"எந்தத் தம்பிக்கு?"

அப்பா அவனைக் கை காட்டினார். அவன் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"அவங்கள்லதான் ஜாதகம் கெடையாதே."

"எழுதல, அவ்வளவுதான். பொறந்த தேதி, பொறந்த எடம், பொறந்த நேரம் இருந்தா யாருக்கும் கணிச்சிரலாம். கெரகம் என்ன கோயிலுக்கா போகுது, சர்ச்சுக்கா போகுது?"

எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. மேயிலிருந்து நான் முறைத்துக்கொண்டிருந்த மனிதர், எனக்காக மேஜரின் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக ஒருவனுக்கு ஜாதகம் உண்டாக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மாவிடம் வாயால் பேசிப் பயனில்லை, பார்ப்பதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், இருந்த இடத்திலேயே நின்றேன்.

"பாத்தீங்களே, பொருந்திச்சா?" என்றாள் அம்மா.

"அதுதான் இழுத்துக்கிட்டே கெடக்கு" என்றார் அப்பா, இப்போது சர்வேயர் குரலில். "மத்தியானம் பொறந்திருந்தா அஸ்தம். நம்ம பிள்ளைக்கு ரோகிணி. ரஜ்ஜு இடிக்கு, தொடவே முடியாது. சாயங்காலம் பொறந்திருந்தா சித்திரை. சித்திரைன்னா இடிக்காது. அன்னிக்கு எத்தன மணிக்கு நட்சத்திரம் மாறிச்சுங்கதுதான் சங்கதி. வாக்கியப் பஞ்சாங்கத்துல ஒரு நேரம் வருது, திருக்கணிதத்துல வேற நேரம் வருது. தெனமும் அளந்து அளந்து பாக்கேன்."

தாலி பாக்கியத்துக்குப் பார்க்கிற அந்த ரஜ்ஜு பொருந்தாத இடத்தில் அம்மா காலே வைக்க மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வாழ்க்கை இப்போது ஒரு மத்தியானத்துக்கும் ஒரு சாயங்காலத்துக்கும் நடுவில் நின்றது.

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "ஒங்க அம்மா என்ன சொல்லுதாங்க தம்பி? மத்தியானமா, சாயங்காலமா?"

சாயங்காலம் என்று சொல்லிவிடு என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டும் சொல்வாங்க ஆன்ட்டி. எனக்கு நிஜமா தெரியாது."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து, அப்பாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் முன் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, அந்தத் தேதியப் பழையபடி பின்னால வைங்க" என்றாள்.

அவன் பழக்கதோஷத்தில், "கைக்கு ஆன்ட்டி?" என்றான்.

"சாயங்காலம்னு போட்டுப் பாக்கதுக்குத்தான். மத்தியானந்தான் பொருந்தலங்காரே."

அவன் ஜூனுக்குத் தள்ளினான். கட்டங்கள் திரும்ப வந்தன. அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. அப்போது போன் அடித்தது, அவன் எடுத்தான். மேஜர். லைன் இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, கோளாறு தெரிந்ததா இல்லையா, கம்ப்யூட்டர் எப்போது வருகிறது என்று கேட்டார்.

அவன் திரையைப் பார்த்தான். ஒன்றோடொன்று ஒட்டிக் குனிந்திருந்த இரண்டு நரைத்த தலைகளையும் பார்த்தான்.

"இன்னும் தெரியல சார்" என்று இந்தியில் சொன்னான். "கொஞ்சம் நேரம் ஆகும்."